மைத்துனர் மீசையும் தலை குனிந்த ரோஜாவும்

சிம்பாங் அம்பாட்
18.4.1953

மதிப்பிற்குரிய மைத்துனர் தங்கராஜு அவர்களுக்கு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அப்புசாமி கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை மீனம்மாவும் சௌக்கியம். அங்கு மலாக்காவில் தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாயிருக்க முருகன் துணை. பொங்கலன்று தங்கள் கொல்லையிலிருந்து ரோஜாத்தொட்டி களவுபோனதற்கு மறுபடியும் என் அனுதாபம்.

நிற்க. மீசையை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?

கோமளா கல்யாணப் பந்தியில் நீங்கள் சொன்னது ஊருக்கே தெரியும். "மாப்ள, அசல் கிரிம்சன் குளோரி ரோஜா எங்க வீட்டுலதான் இருக்கு. உங்களது வெறும் வேலிச்செடிலா! இல்லேன்னா நான் மீசையை எடுத்துடுறேன்!" அன்று எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுநாளே மீன் கழிவை டின்னில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தேன், அக்கம்பக்கத்தார் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள், செடியும் வாடிப்போனது, ஆனால் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்த மீனம்மா திரும்பிய மறுநாள் பார்த்தால் தளதளவென்று நிற்கிறது! எல்லாம் மீன் உரத்தின் மகிமை.

பூத்தது பாருங்கள், கருஞ்சிவப்பில், வெல்வெட் துணி மாதிரி. வாசனை ஆபீஸ் வரை வந்தது. ஒரே குறை, பூவின் கழுத்து நிற்காமல் தொங்கியது. மலாக்கா மலர்க் கண்காட்சிக்கு அப்படியே கொண்டுபோக முடியுமா? ஈர்க்குச்சி வைத்து நூலால் சுற்றி நிமிர்த்தினேன். காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடும் இந்த எமர்ஜென்சி காலத்தில் தோட்டத்து கேட்டைத் தாண்டும் எதையும் சோதிக்காமல் விடமாட்டார்களே, காவல் நின்ற ராமையா பிடித்துக்கொண்டார்.

"என்னா கிராணி, பூவுக்கு எதுக்குலா கட்டு? உள்ள சீட்டு வச்சி காட்டுல இருக்கிறவங்களுக்குக் கொண்டுபோறீங்களா?"

கத்தினேன், கெஞ்சினேன், கேட்கவில்லை. ஒரு நூல் விடாமல் அவிழ்த்துவிட்டார். பூ தலையைத் தொங்கப்போட்டது, நானும்தான்.

கண்காட்சியில் மற்றவர்களின் பூவெல்லாம் விறைப்பாக நிற்க, பரிசு கொடுக்க வந்த துரையம்மா என் பூவிடம் குனிந்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார். "கிரிம்சன் குளோரியேதான்! இந்த வாசனையும் இந்தத் தொங்குகழுத்தும்தான் அதற்கு அடையாளம்" என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டார். முதல் பரிசு! வெள்ளிக் கோப்பை! மைத்துனரே, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். சவரக்கத்தியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்புடன்,
அப்புசாமி

பி.கு.: இதை மீனம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் செடி மீன் உரத்திலேயே செத்துவிட்டதாம். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் உங்கள் கொல்லைத் தொட்டியைத் தூக்கி வந்து, நான் ஆபீஸில் இருந்தபோது அதே குழியில் நட்டுவிட்டாளாம். போலீசில் புகார் கொடுத்திருந்தால் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கத்தியையும் உடனே திருப்பி அனுப்புங்கள். எனக்கும் மீசை இருக்கிறது.