சகலை பாய்ந்த மேடு

மாமியார் வீட்டு மண்ணில் ஒரு கூடைகூட அள்ள மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தான் சசிக்குமார். சபதம் என்ன சபதம், அவன் இதுவரை ஒரு கூடையும் அள்ளியதே இல்லை.

மாமியார் பாப்பம்மா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறாள். ஐப்பசி மழைக்கு லயத்துக்குப் பின்னால் கரை சரிந்து, குசினி ஜன்னல் உயரத்துக்கு மண் வந்து உட்கார்ந்துவிட்டது. அள்ளிப் போட மருமகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மாத்தளை டவுனில் ஹார்ட்வேர் கடையில் நிற்கும் சசிக்குமார் மூத்தவன். கலேவெலயில் மரக்கறி லொறி ஓட்டும் மோகன்ராஜ் இளையவன். "மூத்த மருமகன் மண் சுமக்கிறதா? சின்னவன் செய்யட்டும்" என்றான் இவன். "பெரியவர் இருக்கும்போது நான் முந்தினா மரியாதையா?" என்றான் அவன். இப்படி இரண்டு பேரும் மரியாதை பார்த்ததில் பாப்பம்மா பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள்.

சகலை என்றாலே சசிக்குமாருக்கு வயிறு எரியும். மோகன்ராஜ் வந்தால் மாமியார் "சின்ன மாப்புள மெலிஞ்சிட்டாரு" என்று உருகுவாள். சசிக்குமார் காய்ச்சலில் கிடந்து எழும்பிப் போனபோதுகூட அவனை அப்படிச் சொன்னதில்லை.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவன் மனைவி நிஷாந்தி பேச்சை எடுத்தாள்.

"மோகன் தம்பி பைக்ல பாயுறாராமே."

"எங்க பாயுறான்? ஆத்துலயா?"

"ஆகாசத்துல. நம்ம லயத்துக்குக் கீழ பந்தடிக்கிற கிரவுண்ட் இருக்குல்ல, அங்க மண்மேடு கட்டி, அதுல பைக்கோட எழும்பி அந்தப் பக்கம் இறங்குறாராம். அம்மாவுக்குக் கண்ணீரே வந்திருச்சாம்."

"பயத்துலயா?"

"பெருமையில."

சசிக்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா? நானும் செய்வேன்."

நிஷாந்தி சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அவள் பரிதாபமாகப் பார்த்தாள். "வேணாங்க. உங்களுக்கு இடுப்புப் பிடிப்பு. தம்பி உடம்பு வேற."

தம்பி உடம்பு வேறயாம். கட்டின பெண்சாதி வாயாலேயே இதைக் கேட்ட பிறகு மனுசன் சும்மா இருப்பானா? கடைக்குப் போய் வருகிற பழைய ட்ரெயில் பைக் ஒன்று அவனிடம் இருந்தது. ஃபோனில் வீடியோ போட்டுப் படித்தான். சீட்டில் உட்காரக் கூடாது, ஃபுட்ரெஸ்டில் எழும்பி நிற்கணும். முழங்காலை மடக்கி டேங்கை இடுக்கணும். மேட்டில் ஏறும்போது எக்ஸலரேட்டர் ஒரே சீராக இருக்கணும். உச்சியில் பயந்து எக்ஸலரேட்டரை விட்டால் முன்சில்லு நிலத்தில் குத்திவிடும். பார்வை, இறங்கப்போகிற இடத்தில் இருக்கணும். புதுசாகப் பழகுகிறவன் முழங்கால் உயர மேட்டுக்கு மேல் நினைக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் போய்ப் பார்த்தால், கணுக்கால் உயரத்துக்கு ஒரு குவியல் மண் கிடந்தது. "இதுலயா பாஞ்சான்? இதை எங்க வீட்டுக் கோழி தாண்டும்" என்று சசிக்குமாருக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. முழங்கால் உயரத்துக்குக் கட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினான்.

"கிரவுண்டைத் தோண்டினா ஏசுவாங்க" என்றாள் நிஷாந்தி. "அம்மா குசினிக்குப் பின்னாடி மண்ணு சும்மாதானே கிடக்கு."

"மாமி, கொஞ்சம் மண் எடுத்துக்கவா?"

பாப்பம்மா யோசித்தாள். "சின்ன மாப்புளயும் கேட்டிருக்காரே... சரி, மூத்தவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

சகலையின் பங்கைப் பறித்துவிட்ட சந்தோசத்தில் சசிக்குமார் அன்று இருட்டும்வரை கூடை சுமந்தான். பாய நேரமில்லாமல் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு வந்தால் மேடு இடுப்பு உயரத்தில் நின்றது.

"செவ்வாய்க்கிழமை தம்பி வந்தாராம்" என்றாள் நிஷாந்தி. "முழங்கால் உயரம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டுன்னு சொன்னாராம்."

சசிக்குமாருக்குக் காதில் புகை வந்தது. நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினான். ஏற்றியபின் பார்த்தான். ஹெல்மட் பட்டையை இரண்டு தரம் இறுக்கினான். ஃபுட்ரெஸ்டில் கம்பீரமாக எழும்பி நின்று, முழங்காலை மடக்கி, பைக்கை நேராக மேட்டடிவரைக்கும் விரட்டிக்கொண்டு போய், அப்படியே சுற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னாங்க, பாயலியா?"

"இந்த உயரம் எனக்குப் பத்தாது."

இப்படியே வாரா வாரம் மேடு வளர்ந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் ஒன்றாக வந்து இறங்கிய அன்று அது ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. இன்றைக்குச் சகலை பாய்வதை ஒளிந்து நின்றாவது பார்த்துவிடுவது என்று சசிக்குமார் கிரவுண்டுக்குப் போனான். மேட்டின் மறுபக்கம் ஹெல்மட்டோடு மோகன்ராஜும் ஒளிந்து நின்றான்.

"பாயுங்க சகல, பார்க்கத்தான் வந்தேன்" என்றான் மோகன்ராஜ்.

"நீதானே பாயுற ஆளு. நீ பாய்."

"நானா? நான் எப்ப பாஞ்சேன்? நீங்கதானே ஞாயித்துக்கிழமை வந்து பறக்குறீங்க."

"யாரு சொன்னா?"

"என் சம்சாரம். அக்கா வீட்டு மச்சான் தைரியம் உங்களுக்கு வராது, பேசாம இருங்கன்னா."

இரண்டு பேரும் மேட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப முதல்ல அந்தக் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டினது யாரு?" என்றான் சசிக்குமார்.

லயத்துக்கு ஏறிப் போனார்கள். குசினிக்குப் பின்னால் ஒரு பிடி மண் இல்லை. ஜன்னல் வழியே வெயில் அடுப்படிவரை விழுந்தது. பாப்பம்மா மருமகன்களைக் கண்டதும் சட்டிக்குள் எதையோ அவசரமாகத் தேடினாள். மோகன்ராஜ் முகம் கழுவப் பீலித் தண்ணீருக்குப் போனான். அவன் மனைவி துவாயோடு பின்னால் போனாள்.

"நல்லா வேலை வாங்கிட்டீங்கடி" என்றான் சசிக்குமார். "இனிமே உன் பேச்சை நம்பினா என்னை என்னான்னு கேளு."

"சரிங்க, கோவிச்சுக்காம உட்காருங்க. பிளேன்டீ ஊத்துறேன்." நிஷாந்தி கேத்தலை எடுத்தாள். "அந்த மேட்டால பந்தடிக்க முடியலையாம். அதை அள்ளி ரோட்டுப் பள்ளத்துல போடச் சொல்றாங்க. நீங்க கவலைப்படாதீங்க. தனியாளா இன்னைக்கே முடிச்சிருவேன்னு தம்பி சொல்லிட்டாராம்."

சசிக்குமார் மம்பட்டியோடு கிரவுண்டுக்கு ஓடியபோது, பீலிப் பக்கமிருந்து முகம்கூடத் துடைக்காமல் மோகன்ராஜ் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தான்.