வெள்ளிக்கிழமைப் புகை

உலகத்தில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. கெட்ட சேதி வந்தால் அவர்களுக்குப் பிடிக்காது; அதற்குக் காரணமானதைச் சரிசெய்யவும் மாட்டார்கள்; சேதி வருகிற வழியை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தே தாரிக் குடிப்பார்கள். வடிகட்டி ஆசாமிகள் என்று வைத்துக்கொள்வோம். படித்தவர்களிடம் இந்த வகை நன்றாக விளைகிறது.

கணினி தான் பார்ப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே போகும். அதற்கு லோக் என்று பெயர். எந்தச் சேதி மனிதர் கண்ணில் படவேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க, அந்த மென்பொருளிலேயே ஆயத்த வடிகட்டிகள் இருக்கின்றன. வடிகட்டி ஆசாமிக்கு அது போதுமா? சொந்தமாக ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் எழுதி நடுவில் சொருகி, வருகிற ஒவ்வொரு சேதியையும் நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய், இன்றைக்கு என்ன கிழமை என்று விசாரித்து அனுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு லோரி ஓட்டப் போன நமக்கே இவ்வளவு புரிகிறது.

கோலசிலாங்கூரில் காளியண்ணனின் மீன் குளிர்க்கிடங்கில் கணினி பார்க்கும் மயூரன் இதில் உயர்ந்த ரகம். வெள்ளிக்கிழமை காலையானால், அங்கே வேலை செய்யும் புஷ்பா அறை அறையாகச் சாம்பிராணி காட்டுவார். புகையை மோப்பம் பிடிக்கும் கருவிகள் கணினிக்குச் சேதிமேல் சேதி அனுப்பும். திரை சிவக்கும். கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று புஷ்பாவிடம் சொல்ல மயூரனுக்குத் தைரியம் ஏது? ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தான்: வெள்ளிக்கிழமை காலை, புகை என்று வந்தால், தூக்கிப் போடு. அதன்பின் திரை எப்போதும் பச்சை. அவனும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பத்தாங் காலியில் மறுநாள் கல்யாண விருந்து. அதற்காகப் பாகான் நக்கோடா ஓமார் மீனவர் கிராமத்திலிருந்து வந்த இறால் கிடங்கு நிறைய. காளியண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"தம்பி, புகை நாத்தம் அடிக்குதே."

"ஃப்ரைடேலா, அங்கிள். புஷ்பா அக்கா சாம்பிராணி."

"கம்ப்யூட்டர் என்னா சொல்லுது?"

"கிளீன். பாருங்க, ஒரு வார்னிங்கூட இல்ல."

வாசலில் புஷ்பா வந்து நின்றார், கையில் ஆறிப்போன தூபக்காலோடு.

"கரி நனைஞ்சு போச்சு முதலாளி, நான் இன்னும் பத்தவே வைக்கல. அதுக்குள்ள யாரு சாம்பிராணி போட்டது?"

பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தால், குளிரூட்டும் மோட்டார் கருகிக் கிடந்தது. கிள்ளானிலிருந்து மாற்று மோட்டார் வந்து சேர்வதற்குள் இறாலெல்லாம் சொதசொதவென்று ஆகி நாறத் தொடங்கிவிட்டது.

"கம்ப்யூட்டர் சொல்லுச்சா, சொல்லலையா?" என்றார் காளியண்ணன்.

"சொல்லிச்சு அங்கிள். நான்தான் சொல்ல விடல."

கல்யாண வீட்டில் இறாலுக்குப் பதில் உருளைக்கிழங்குச் சம்பல் பரிமாறினார்கள். பெண்ணின் தகப்பனார் காளியண்ணனுக்கு ஓயாமல் போன் போட்டுத் திட்டினார். காளியண்ணன் அதை அப்படியே மயூரனுக்குக் குரல் செய்தியாக அனுப்பினார். மயூரன் அன்றே திருந்தினான். வெள்ளிக்கிழமை வரியை அழித்தான். கையோடு காளியண்ணனின் குரல் செய்திகளையும் மௌனமாக்கினான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாது என்கிற தைரியம். சரி, உங்கள் காரில் போன மாதத்திலிருந்து எரிகிற அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கின்மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அதை ஒட்டியது யார்?