எந்தக் கம்பெனி, மாப்ள?

முகங்களைப் படம் எடுப்பது நல்ல பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பூக்களைப் படம் எடுப்பவர்கள். பூ, "என்னைய எதுக்கு எடுக்கீக?" என்று கேட்காது. எடுத்ததைப் பார்த்துவிட்டு, "எம் மூக்கு இம்புட்டுப் பெருசா?" என்று மூன்று நாள் பேசாமலும் இருக்காது. நான் ஏழு வருடமாக முகங்களை எடுத்து அலுத்தவன். சம்பாதித்தது ஒரு கழுத்து வலியும், மாமியார் ஊரான தாயில்பட்டியில் ஒரு பட்டப்பெயரும்தான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எனக்கு டிசைன் வேலை. பட்டாசுப் பெட்டி மேல் ஒரு குழந்தை சிரிக்கிறதே, அதற்குப் பல் வெளுத்துவிடுவது நான்தான். காலண்டர் சாமிகளின் கன்னத்தில் மினுமினுப்பு ஏற்றுவதும் நான்தான். சீசன் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு நாற்பது குழந்தை, இருபது சாமி. பதினோரு வருடமாகப் பெட்டியில் அதே குழந்தை அப்படியே சிரிக்கிறது, எனக்குத்தான் நரைத்துவிட்டது. ஒரு மரு, ஒரு சுருக்கம், ஒரு தழும்பு உள்ள முகத்தைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கித்தான் செகண்ட் ஹேண்டில் அந்தக் கேமராவை வாங்கினேன். முன்னால் முழநீளத்துக்கு லென்ஸ். கூடவே ஒன்பது பாக்கெட் வைத்த ஒரு காக்கி ஜாக்கெட். (வைப்பதற்கு என்னிடம் இருந்தது ஒரு பேட்டரியும் ஒரு பிஸ்கட் பொட்டலமும்.)

முதலில் மனைவி கலாவை எடுத்தேன். "இதுக்குக் கண்ணாடியே பரவாயில்ல. அதாச்சும் வெளிய போயி யாருகிட்டயும் காட்டாது" என்றாள். அடுத்து டீக்கடைக்காரர். அதுவரை கைவீசி டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், கேமராவைக் கண்டதும் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துவிட்டார். "இயல்பா இருங்கண்ணே" என்றேன். "இயல்பாத்தானப்பா இருக்கேன்" என்றார், உதடு அசையாமல். இப்படியே ஒரு வருடம் போனது.

கலாவின் தங்கை மாரீஸ்வரி தாயில்பட்டியிலிருந்து பட்டாசு வேலைக்குப் போய்வருகிறாள். ஒரு நாள் வேலை விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். புருவத்திலும் நெற்றியோரத்திலும் அலுமினியப் பொடி. ஜன்னல் வெயில் பட்டதும் முகமே மினுங்கியது. "அப்படியே இரு, ஒரு படம்" என்று உள்ளே ஓடி கேமராவோடு திரும்புவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

"போங்க மச்சான், அளுக்கு மூஞ்சிய எவனாச்சும் எடுப்பானா?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேலை முடிந்து வேன் வந்து நிற்கும் இடத்துக்கே போய், யாரும் முகம் கழுவுவதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. (சொன்னால் கழுவிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள்.) ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஜாக்கெட்டும் கேமராவுமாக நாலரை மணிக்குத் தாயில்பட்டி ரோட்டில் போய் நின்றேன். நான் காரியாபட்டிக்காரன். எங்கள் பக்கம் பெரிய கேமரா வந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் காதுகுத்து. அந்த அறிவோடுதான் போயிருந்தேன்.

குழாயடியில் ஒரு அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் ஜாக்கெட்டைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"எந்தக் கம்பெனி?"

எங்கே வேலை பார்க்கிறேன் என்று விசாரிக்கிறார் என நினைத்தேன். புது ஆளைக் கண்டால் கேட்கிற கேள்விதானே? கம்பெனிப் பெயரைச் சொன்னேன். (இங்கே எழுத முடியாது. முதலாளி இன்னும் எனக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.) அந்த முதலாளிக்கு அச்சகத்தோடு பட்டாசு ஆலையும் உண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர், மாரீஸ்வரி உட்பட அந்தத் தெருவில் பாதிப் பேர் வேலை பார்ப்பது அந்த ஆலையில்தான் என்பதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நிமிடத்தில் மட்டும் தெரியவில்லை.

"எம்புட்டுப் பேரு?" என்றார் அக்கா. குரல் உள்ளே போயிருந்தது.

அச்சகத்தில் எத்தனை ஆள் என்று கேட்கிறார் போல. "ஒரு நாப்பது பேரு இருக்கும்க்கா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

குடம் கீழே விழுந்து உருண்டது. "நாப்பது பேரு போயிட்டாகளாம்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெரு மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவே இரண்டு நிமிடம் ஆனது. விளங்கியதும், "போன் போட்டுக் கேளுங்க" என்று கத்தினேன். ஆலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வாட்ச்மேனிடம் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ரோட்டில் நின்ற ஒவ்வொரு கையிலிருந்தும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரே குரல் வந்துகொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மாமியார் வந்தார். காலில் செருப்பில்லை.

"மாப்ள... நீங்களே வந்திருக்கீகளா?"

தீபாவளி, பொங்கல் தவிர அந்த ஊரை எட்டிப் பார்க்காத மாப்பிள்ளை, அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவன், புதன்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் எந்தத் தாய்க்கும் வேறு என்ன தோன்றும்? அப்போதாவது நான் ஒழுங்காகப் பேசியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"ஒண்ணுமில்ல அத்தே. பதறாதீங்க. முதல்ல உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

சாவுச் செய்தி கொண்டு வருகிறவன் சொல்லும் வார்த்தைகள், வரிசைகூட மாறாமல். அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மறைக்காதீக மாப்ள. எம்புள்ள இருக்காளா, இல்லையா?"

"சத்தியமா நல்லா இருக்கா அத்தே!"

"நீங்க பாத்தீகளா?"

"பாக்கல..."

"மாப்ளயே சொல்ல முடியாம முளிக்காரு பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அய்யோ, நான் மூஞ்சியப் படம் எடுக்க வந்தேங்க! வெறும் மூஞ்சிய!"

"அடையாளம் பாக்கவாய்யா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெரியம்மா மயங்கிச் சாய்ந்தார்.

எப்போதும் நாலே முக்காலுக்கு வரும் வேன் அன்றைக்கு வரவில்லை. ஐந்து ஆனது. அத்தை யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். "காலையில சண்ட மாப்ள. கஞ்சியக் குடிக்காமப் போனா. போய்த் தொலைன்னு சொன்னேன். இந்த வாயிதான் சொல்லுச்சு." பொய் என்று தெரிந்த எனக்கே, அந்தப் பத்து நிமிடத்தில் அது பொய்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்தே காலுக்கு வேன் வந்தது. உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லார் முகத்திலும் பொடி, பக்கவாட்டில் சாயங்கால வெயில், நான் ஆசைப்பட்டது அப்படியே. மாரீஸ்வரி கடலையைக் கொறித்துக்கொண்டே கடைசியாக இறங்கினாள். அத்தை அழுதுகொண்டே எழுந்து போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கேமராவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கை தவறிப் பட்டன் அமுங்கிவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். இல்லை, நானாகத்தான் அமுக்கினேன்.

அடுத்த நொடி அத்தை அவள் முதுகில் ஒன்று வைத்தார். "எங்கடி போன இம்புட்டு நேரம்?"

"வேனு பஞ்சரும்மா. நீ ஏன் ரோட்டுல நிக்க? மச்சான் எதுக்கு வந்திருக்காக?"

தெரு மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்தால் யாரும் கை வைக்கவில்லை. நான் உளறி முடித்ததும் குழாயடி அக்காதான் பேசினார். "தம்பி, இந்தப் பக்கம் இம்மாம் பெரிய கேமராவத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தா, எங்கனயோ வெடிச்சிருக்குன்னு அர்த்தம். நல்ல நாள்ல எங்க மூஞ்சிய எடுக்க எவன் வந்தான்?"

நான் லென்ஸுக்கு மூடி போட்டேன். "வார ஞாயித்துக்கிளம நல்ல நாள்தான், வந்து எடுத்துக் குடுங்க" என்று அவரே தண்டனையும் விதித்தார்.

போனேன். ஐம்பத்திரண்டு முகம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, அரை டப்பா பவுடர். அலுமினியப் பொடி மருந்துக்கும் கிடையாது. எல்லாருக்கும் பல் வெளுக்க வேண்டும், மரு போக வேண்டும், பின்னால் ஊட்டி வேண்டும். ஆபீசில் வாரம் முழுக்கச் செய்கிற அதே வேலையை நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து கொடுத்தேன்.

வேன் பக்கத்தில் எடுத்த அந்த ஒரு படத்தை மட்டும் மாரீஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டாள். "இதுல ஒண்ணையும் வெளுத்துறாதீக மச்சான். எங்கம்மா எனக்காக அளுததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி." இப்போது அவள் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.

போன பொங்கலுக்கும் பார்த்தேன். பால் பொங்கி வழிவதைக் கவனிக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்த மாரீஸ்வரியை அத்தை பிடித்துக்கொண்டார். வசவு ஏறிக்கொண்டே போய், "போய்த் தொ..." என்று வந்தபோது, மாரீஸ்வரி போனைத் திருப்பிக் காட்டினாள். அத்தை வாயை மூடிக்கொண்டார். பாதியில் நின்ற வசவை எங்கேயாவது இறக்கியாக வேண்டுமே, சுற்றிப் பார்த்தார். கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வந்துட்டாருல்ல, எந்தக் கம்பெனி மாப்ள! அங்கன என்ன வேடிக்க? அடுப்பக் கொஞ்சம் பாருங்க."