கர்னலுக்கு இரண்டாவது ஊசி

வெண்டல் சாவியைக் கையில் எடுத்து, "ஊசிக்கு நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான். கன்றுக்குட்டி உயரக் கறுப்பு நாய் கர்னல் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது.

"அந்த வார்த்தைய அவன் முன்னாடி சொல்லாதேன்னேன்ல!" என்று சீறினாள் மனைவி லோர்னா.

உண்ணிக்கடியால் வரும் லைம் நோய்க்கான தடுப்பூசி. முதல் ஊசி போட்டு இன்றோடு நாலு வாரம். இன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. போன இலையுதிர் காலத்தில் எதிர்வீட்டு நாய் உண்ணி கடித்து, சிறுநீரகம் கெட்டுச் செத்தது. இன்று காலைகூடக் கர்னலின் காதுமடலில் இரண்டு உண்ணிகளைப் பிடுங்கியிருந்தார் வெண்டல்.

மேஜையிலிருந்து கார் வரை பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக வைத்தார். கர்னல் ஒவ்வொன்றாகத் தின்று வந்தது. கார் கதவருகே இருந்த கடைசித் துண்டை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

"எண்ணி வச்ச மாதிரி விட்டுட்டுப் போறான் பாரு!" வெண்டல் வாயைப் பிளந்தார்.

அடுத்து தூண்டிலும் தொப்பியுமாக, ஏரிக்குப் போகிறவர்போல் கிளம்பினார். கர்னல் துள்ளி வந்தது. கார் கதவு திறந்ததும் எடுத்தது ஓட்டம். கயிற்றைப் பிடித்திருந்த லோர்னா மேப்பிள் சருகுக் குவியலில் குப்புற விழுந்தாள்.

"விட்டுட்டியே!"

"நானா விட்டேன்? அவன்தான் என்னை விட்டான்!"

கர்னல் காட்டுப் பக்கம் மறைந்தது. புல்லெல்லாம் உண்ணி. இருவரும் தொண்டை வற்றக் கூப்பிட்டுத் தேடினார்கள். ஐந்து மணிக்கு, நாயில்லாமலே, மருத்துவரிடம் அவகாசம் கேட்கலாமென்று வெண்டல் தனியாகப் போனார்.

அங்கே ஊசி மேஜைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது கர்னல்.

"தானா வந்து கதவைச் சுரண்டினான்" என்றார் மருத்துவர். "நானும் முப்பது வருஷமா ஊசி போடுறேன், இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்ல. போட்டாச்சு. ஒரு முனகல் இல்ல."

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியது. "நமக்காக பயத்தையே விழுங்கிட்டு வந்திருக்கான், டாக்டர்! எப்பேர்ப்பட்ட மனசு! வாடா ராசா, வீட்டுக்குப் போலாம்."

வாசலில் காரைப் பார்த்ததும் கர்னல் மேஜைக்கு அடியில் பாய்ந்தது.

உதவியாளப் பெண் பிரிசில்லா பக்கத்துத் தெருக்காரி. நாய்க்கு ஒரு பிஸ்கட்டை நீட்டியபடியே சொன்னாள்:

"ஊசிக்கு எங்க சார் பயந்தான்? நீங்க வண்டிய எடுத்தா, தெருவுல நாங்களே வீட்டுக்குள்ள ஓடிடுறோம்."