மாமனார் தின்ற மக்ரூன்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மக்ரூன்கூடத் தொடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். மூன்று நாள் தாங்கியது. எனக்கு அதுவே பெரிய சாதனை.

தப்பு என் மேல் இல்லை. சொந்தக்காரர்களுக்கு இந்த வருடம் கடைப் பரிசு வேண்டாம், வீட்டிலேயே மக்ரூன் சுட்டு டப்பாவில் கட்டிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தவள் என் மனைவி பிலோமி. முந்திரி பொடித்தது நான். கை கழன்று விழும்வரை முட்டை வெள்ளைக்கரு அடித்தது நான். சர்க்கரை வியாதி என்பதால் தின்னக் கூடாதவனும் நான். இது என்ன நியாயம்?

பதினொன்று என் வயிற்றுக்குள் போன பிறகு அவள் டப்பாவைத் திறந்தாள்.

"என்னங்க, குறையுதே. எடுத்தியளா?"

"நானா? சத்தியம் பண்ணிருக்கேன்லா."

"அப்ப யாரு? வீட்டுல நாம ரெண்டு பேருதான."

சுவரில் மாமனார் படம். கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். போன வருடம் காலமானார். என்னைக் கேட்காமலே என் வாய் பேசியது.

"உங்க அப்பா வந்திருப்பாரு பிலோமி. பண்டிகைல்லா. நேத்து மத்தியானம் அங்கன தரையெல்லாம் ஈரம்."

அவள் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். "வரட்டும்," என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் துறைமுக வேலையிலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். கோயிலுக்குப் போவதாக அவள் போனில் சொல்லியிருந்தாள். பூட்டைத் திறந்தேன். கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. வாசலிலிருந்து மாமனார் படம் வரை ஈரக் காலடிகள்.

பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட ஒரு விரல் நீளம். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. காலடிகள் படத்தைத் தாண்டி உள்ளறைக்குள் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

டப்பாவைத் திறந்தேன். இன்னும் நாலு குறைந்திருந்தது. ஆண்டவர் மேல் ஆணையாக அந்த நாலை நான் எடுக்கவில்லை.

அப்போது உள்ளறையில் சத்தம். கறுக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கறுக். அவசரமே இல்லாமல் யாரோ மக்ரூன் மெல்லுகிறார்கள். அப்படியே முழங்காலில் விழுந்தேன்.

"மாமா, மொத பதினொண்ணு நாந்தான். பழிய உங்க மேல போட்டுட்டேன். போயிருங்க மாமா. அத்தன டப்பாவுக்கும் நானே மறுபடி அடிச்சுச் சுடுதேன். வாயில வைக்கமாட்டேன்."

மெல்லும் சத்தம் நின்றது.

"தனியாவா?" உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல்.

"தனியா மாமா. அவளுக்கு ஒரு வேலையும் வைக்கமாட்டேன்."

திரை விலகியது. கையில் பாதி மக்ரூனோடு பிலோமி நின்றாள். பின்னால் ஒரு வாளி உப்புத்தண்ணீர்.

"நீ... கோயிலுக்குப் போகலியா?"

"பின்வாசல் வழியா வந்துட்டேன். எங்க அப்பாவுக்கு முட்டை வாடையே ஆகாது. அவருமேல போயி பழி போடுதிய. எந்திரிங்க, முட்டை வாங்கி வச்சிருக்கேன்."

பதினேழு வருடம் குடும்பம் நடத்தியும், என் மனைவியின் கால் என் காலைவிடப் பெரிது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.