எங்கள் தெருவில் திறமைசாலிகள் இரண்டே பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் கேட்க எனக்கு மனமில்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், கேட்டுவிட்டேன்.

உன் அலுவலகம் எங்கள் செருப்புப் பட்டறைத் தெருவைக் கணக்கெடுத்ததே, அந்த அறிக்கையைப் படித்தேன். அந்தப் பிரிவுக்கு நீதானே பொறுப்பு? அறுபத்துநான்கு பேரில் திறன் பெற்றவர்கள் இரண்டே பேராம். ஒருவர் டீக்கடைக்காரர், டைப்ரைட்டிங் சான்றிதழ் வைத்திருக்கிறார். இன்னொருவர் போன வருடமே செத்துப்போய்விட்டார். இருபது வருடமாகச் செருப்புக்கு மாதிரி வெட்டும் நான் திறனற்றவள். கையில் காகிதம் கிடைத்தால் புது டிசைன் வரையும் என் மகள் 'வீட்டில் சும்மா இருப்பவர்'. சும்மாவா இருக்கிறாள்? அவள் வரைந்த செருப்பைப் போட்டுக்கொண்டுதானேடா உன் கணக்கெடுப்பாளர் எங்கள் படியேறினார்!

அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இங்கே தொழிற்சாலை கட்ட இருந்த கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குத் திறன் உண்டாக்க ஒரு பயிற்சியாளரை அனுப்பினீர்கள். முதல் நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். "அப்படிப் பிடிச்சா கையை வெட்டிடும் சார்" என்றேன். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார். "ஏழாவது" என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். கட்டுப் போட்டதும் நான்தான். அதற்கும் என்னிடம் சான்றிதழ் இல்லை.

சிரிக்காதே. தோல் வெட்டுவதில் முதல் ஆள், மில்லிமீட்டர் என்று கூப்பிடுவோமே, அவன் கிளம்பத் தயாராகிவிட்டான். "இங்க இருந்து என்னக்கா பண்றது? கம்பெனி போன ஊருக்கே போறேன்" என்கிறான். அவன் போனால் தையல்காரர்கள் நாலு பேர் பின்னாலேயே போவார்கள். அப்புறம் நூல்கடை, தோல்கடை, உங்கள் உயிரோடிருக்கும் ஒரே திறமைசாலியின் டீக்கடை எல்லாம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்புறம் யாரைடா முன்னேத்துவீங்க, தெருவிளக்கையா? என் மக மூணு நாளா பென்சிலைத் தொடலைடா. அதுவாவது உனக்கு உறைக்கணும்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தம். உனக்கு, மூத்தவள் என்ற கடமைக்காக, ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
திறனற்ற அக்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பயிற்சியாளர் வந்தார். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றதே நீதானாம்; அதற்காகத்தான் உன்னைப் பழைய கோப்பு அறைக்குத் தூக்கியடித்தார்களாம். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க, நேரா ஆபீசுக்கே வந்துடுவாங்க"ன்னு அவர்கிட்ட சொன்னியாமே? வர்றேன். மில்லிமீட்டரும் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வருகிறான், தெருவே வருகிறது. இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் கொடுத்துவிடு. ஆசீர்வாதத்தை மட்டும் நீ வைத்துக்கொள்.