மேட்டு லயம் ஓட்டுப் போட வரவில்லை

மரியாதைக்குரிய மச்சான் பரஞ்சோதி அவர்களுக்கு, மைத்துனன் பழனியாண்டி கைகூப்பி எழுதுவது. இங்கு தோட்டத்தில் நானும் மருதம்மாளும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் உயிரோடு இருக்கிறோம். கோலா கெடாவில் நீங்களும் அக்காவும் மீனின் தயவில் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தோட்டத்துக்கு ஒரு தலைவரை நாங்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சொன்னார். தலைவனாகிறவனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட லோரி ஏற்ற மாட்டார்கள் என்று பேச்சு. அங்கே போனவன் எவனும் திரும்பவில்லை என்பது தங்களுக்கே தெரியும். ஆகவே உயிர்மேல் ஆசைப்பட்டு நானும் நின்றேன். எதிரி, பள்ளத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் அம்மாசி. ஆளுக்கொரு பால்வாளி வைத்து, பிடித்தவன் வாளியில் ஒரு ரப்பர் கொட்டை போட வேண்டும். மேட்டு லயம் முழுக்க நம்ம சொந்தக்காரங்க, பள்ளத்தைவிட ரெண்டு பங்கு சனம், ஜெயிச்சாச்சுன்னு மாலைக்குக்கூடச் சொல்லி வச்சுட்டேன் மச்சான்.

ஓட்டன்னிக்குப் பாருங்க, பள்ளத்துல கெழடுகட்டைகூட வந்து நிக்குது, ஏன்னா அம்மாசி வாளிக்குப் பக்கத்துல அண்டா வச்சுக் கிழங்குக் கஞ்சி ஊத்துறான். மேட்டுல சாவகாசமா வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காங்க, ஒருத்தனும் இறங்கலை. எனக்குப் பொறுக்குமா? ஓடிப்போய், காலையில வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டு மணியப் பிடிச்சு டாங் டாங்னு அடிச்சுட்டேன். நேரங்கெட்ட நேரத்துல அந்த மணி அடிச்சா சயாமுக்கு ஆள் பிடிக்க லோரி வந்துடுச்சுன்னு அர்த்தம்ங்கிறது அந்த அவசரத்துல தோணலை. மேட்டு லயமே பின்பக்கமா ரப்பர் காட்டுக்குள்ள பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு. வந்தது என் பொண்டாட்டி ஒருத்திதான். அவளும் அம்மாசி வாளியில போட்டா! "என்னடி இது?"ன்னேன். "அவர் கஞ்சியக் குடிச்சிட்டு உங்களுக்குப் போட்டா நல்லாவா இருக்கும்?"ங்கிறா.

ஜித்ரா பக்கத்துத் தோட்டத்துல உப்பு கொடுத்து ஓட்டுக்குக் கூப்பிட்டாங்களாம், சாகக் கெடந்தவனும் எழுந்து வந்தானாம். சுங்கை பட்டாணி டவுன்ல சும்மா கூப்பிட்டாங்களாம், ஒருத்தனும் கடைக்கதவத் திறக்கலியாம். அதாவது பரவாயில்ல, நம்ம ஆளுங்க சொந்தக்காரனுக்கே வரலியே! நன்றிகெட்ட ஜென்மங்க! நீங்க உடனே வந்து கிராணிகிட்டப் பேசி மறு ஓட்டு வைக்கணும். எனக்குப் பயமா இருக்கு மச்சான், அடுத்த லோரியில நான்தான்.

அக்காவுக்கு நமஸ்காரம். பிள்ளைகள் கண்ணில் அரிசிச் சோற்றைக் காட்ட மாரியாத்தா மனசு வைக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன பழனியாண்டி

பி.கு.: வரவே வேண்டாம் மச்சான்! இப்பத்தான் ஒரு ஜப்பான் ஆபீசர் தலைவனத் தேடி வந்துட்டுப் போறான். சயாமுக்குப் போறவங்களுக்கு மேஸ்திரியா, லோரியில முதல்ல ஏற வேண்டியதே தலைவன்தானாம்! அம்மாசி என் வீட்டு அடுப்படியில விறகுக்குப் பின்னால ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கான். ஓட்டுப் போட வராம என் உசிரக் காப்பாத்தின மகராசங்கள நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், கடுதாசியப் படிச்சதும் கொளுத்திடுங்க. ஆபீசர்கிட்ட, "இங்க தலைவரும் இல்ல, ஓட்டும் நடக்கல"ன்னு சொல்றதுக்கு, யாரும் கூப்பிடாமலே மேட்டு லயம் ஒருத்தர் பாக்கியில்லாம வந்து நின்னுச்சு.